கல்லில் பிறந்த வண்ணங்கள்: ஓவியர் முகா பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் பின்னட்டையில் ‘கிஸ்மோண்டா’ நாடகச் சுவரொட்டியை வெளியிட்டிருந்தோம். மொராவியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பிறந்து பாரிஸில் பெயரெடுத்த அல்ஃபோன்ஸ் முகா (1860–1939) வரைந்தது. அதைப் பார்த்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

‘முச்சா’ என்று எழுதுகிறார்கள், ‘முகா’ என்றும் எழுதுகிறார்கள். எது சரி?
வாசகர், ஈரோடு

செக் மொழியில் அந்த நடு எழுத்து தொண்டையில் உரசி வரும் ஒலி. ‘முஹா’வுக்கும் ‘முகா’வுக்கும் இடைப்பட்டது. பாரிஸ்காரர்கள் தங்கள் வழக்கப்படி ‘முஷா’ என்றார்கள். ‘முச்சா’ என்பது ஆங்கில எழுத்தை அப்படியே வாசிப்பதால் வருவது.

ஒரே ஒரு சுவரொட்டியால் ஒரே நாளில் புகழ் பெற்றார் என்று படித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு அது எப்படி வாய்த்தது?
வாசகி, தஞ்சாவூர்

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் 15 ஆண்டு உழைப்பு இருக்கிறது. சொல்லும்போது பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

பிராக் நகரின் ஓவியக் கல்லூரி 1878இல் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மறு ஆண்டு வியன்னாவுக்குப் போய், நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை வரைந்துகொடுக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆள் உயரத்துக்கு மேல் பெரிய பரப்பில், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் புரியும்படி வரையும் பழக்கம் அங்கே வந்தது. 1881 டிசம்பரில் வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு முக்கிய வாடிக்கையாளரே அந்த அரங்குதான். வேலை போயிற்று. மிகுலோவ் என்ற சிற்றூரில் இறங்கி, ஊராருக்கு முகச்சித்திரம் வரைந்து வயிறு வளர்த்தார். அங்கேதான் கூன் பெலாசி என்ற பிரபுவின் கண்ணில் பட்டார். பிரபுவின் மாளிகைச் சுவர்களில் வரைந்தார். பிரபு அவரை மியூனிக்கிலும், 1887இல் பாரிஸிலும் படிக்க வைத்தார்.

1889இல் அந்த உதவித்தொகை நின்றது. வயது 28, கையில் காசில்லை, அன்னிய நகரம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் வார இதழ்களுக்கும் சிறுவர் பத்திரிகைகளுக்கும் வரலாற்று நூல்களுக்கும் படம் போட்டே பிழைத்தார். ஓவியப் பள்ளிகள் நிறைந்த தெருவில் மதாம் ஷார்லோட் நடத்திய சிறு உணவகம்தான் அவருக்குப் புகலிடம். காசில்லாத ஓவியர்களுக்கு அந்த அம்மையார் கடனில் சோறு போட்டார், காசுக்குப் பதிலாகப் படத்தையும் வாங்கிக்கொண்டார். பத்திரிகை வேலையில் முகா கற்றவை: கதையில் எந்த நொடியைப் படமாக்குவது, ஒரு காலத்து உடையை எங்கே தேடிப் பிடிப்பது, சொன்ன நாளில் எப்படிக் கொடுப்பது. 1890இல் நாடக உடைகள் பற்றிய பத்திரிகை ஒன்றுக்காக, கிளியோபாட்ரா வேடத்தில் நடித்த, அன்றைய புகழ்பெற்ற நாடக நடிகை சாரா பெர்ன்ஹார்டையும் வரைந்திருந்தார்.

1894 கிறிஸ்துமஸ் வாரத்தில் லெமெர்சியே அச்சகத்துக்கு சாராவிடமிருந்து அவசரச் செய்தி வந்தது: ‘கிஸ்மோண்டா’வுக்குப் புதுச் சுவரொட்டி வேண்டும், புத்தாண்டன்று சுவரில் இருக்க வேண்டும். வழக்கமான ஓவியர்கள் விடுமுறையில் இருந்ததால் அங்கிருந்த தன்னிடம் வேலை வந்தது என்று முகா பிற்காலத்தில் சொன்னார். அவசரத்துக்குப் படமே சாட்சி. தலைக்குப் பின்னால் மட்டும் மொசைக் வேலைப்பாடு இருக்கிறது, பின்னணியின் மற்ற பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. 1895 ஜனவரி 1 அன்று அது பாரிஸ் சுவர்களில் ஒட்டப்பட்டது. உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், அகலம் முக்கால் மீட்டர். அந்த ஒடுங்கிய நெட்டை வடிவம் அன்றைய தெருவுக்குப் புதிது. சாரா 4,000 பிரதிகள் கேட்டதோடு ஆறாண்டு ஒப்பந்தமும் போட்டார். சுவரொட்டி மட்டுமல்ல, அரங்க அமைப்பு, உடை, நகை எல்லாம் அதில் அடக்கம். திரைச்சீலை வரைந்த கைக்கு இரண்டு மீட்டர் உயரம் புதிதல்ல. பத்திரிகைக்குப் படம் போட்டவருக்கு அவசரமும் புதிதல்ல.

கல்லச்சு என்றால் கல்லைச் செதுக்கி அச்செடுப்பதா? இத்தனை வண்ணங்கள் எப்படி வந்தன?
நுண்கலை மாணவர், கும்பகோணம்

முகாவின் சுவரொட்டிகள் கல்லச்சில் (லித்தோகிராஃபி) அச்சானவை. இதில் செதுக்குவது இல்லை. கல்லின் மேற்பரப்பு கடைசிவரை சமதளமாகவே இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒன்றை வைத்தே முழு வேலையும் நடக்கிறது. 1790களின் இறுதியில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டறிந்த முறை.

பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதிச் சுண்ணாம்புக் கல்தான் இதற்குப் பெயர்போனது. மணிமணியாக இல்லாமல் சீரான நெருக்கம் கொண்டது. 60க்கு 80 செ.மீ. அளவில் 8 செ.மீ. கனமுள்ள கல் சுமார் 100 கிலோ எடை வரும். கனம் குறைந்தால் அச்சுப் பொறியின் அழுத்தத்தில் விரிசல் விடும். முதலில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துப் பழைய படத்தை நீக்கி, மேற்பரப்பில் மெல்லிய சொரசொரப்பை உண்டாக்குவார்கள். சொரசொரப்பு இல்லையென்றால் கிரேயான் வழுக்கும். அதிகமாகிவிட்டால் நுண்ணிய கோடு உடைந்து உடைந்து விழும்.

மெழுகு, கொழுப்பு, சோப்பு, புகைக்கரி சேர்ந்த கிரேயானால் வரைய வேண்டும். கோட்டு வேலைக்கு அதையே நீர்மமாக்கித் தூரிகையால் இழுப்பார்கள். படம் இடவலம் மாறி இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது, எழுத்துகளும் சேர்த்துத்தான். கை கல்லில் படாமலிருக்கக் குறுக்கே ஒரு பலகை வைத்துக்கொள்வது கட்டாயம். விரல் ரேகையில் உள்ள எண்ணெய்ப் பசையும் மை பிடித்து, அச்சில் ரேகையாகவே விழும்.

வரைந்து முடித்ததும் வேலம்பிசின் கரைசலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பூசுவார்கள். வரைந்த இடத்தில் கொழுப்பு நிலைக்கும், வெற்றிடம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை பெறும். அமிலம் கூடினால் மென்மையான நிழல்கள் எரிந்து காணாமல் போகும். குறைந்தால் பத்து இருபது தாளுக்குள் படம் கறுத்து அடைத்துக்கொள்ளும். பிறகு டர்பன்டைனால் கிரேயானைத் துடைத்தால் கல்லில் படமே இல்லாததுபோல் தோன்றும். முதல் முறை பார்ப்பவருக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். ஈரத்துணியால் கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் படம் திரும்பி வரும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் நனைத்தல், மையிடல், அழுத்தல் என்று அதே வரிசை. நனைக்கத் தவறினால் வெற்றிடமும் மை பிடிக்கும்.

வண்ணத்துக்கு வருவோம். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். முதலில் வெளிக்கோடு மட்டும் உள்ள தாய்க்கல் தயாராகும். அதிலிருந்து எடுத்த அச்சின் மேல், கொழுப்பில்லாத செம்பொடியைத் தூவி மற்ற கற்களில் அழுத்தினால் கோடு வழிகாட்டியாகப் பதியும். அந்தப் பொடிக்கோடு அச்சில் வராது. வழக்கமாக வெளிர் நிறங்களை முன்னும், அடர்ந்த வெளிக்கோட்டைக் கடைசியிலும் அச்சிடுவார்கள். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை கிடைப்பதால், ஆறேழு கல்லிலேயே பத்துப் பதினைந்து நிறம் காட்டலாம்.

இதில் பெரிய எதிரி ஈரப்பதம். ஒரு மீட்டர் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தால் போதும், 1 மி.மீ. விலகல். உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். அதனால் தாளை அச்சகத்திலேயே சில நாள் அடுக்கி வைத்துப் பழக்குவார்கள். முகா பெரும்பாலும் நீர்வண்ணத்திலோ கோட்டிலோ மூலப்படம் தருவார், அதைக் கல் கல்லாகப் பிரித்து வரைந்தவர்கள் அச்சகத்தின் கைவினைஞர்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. முகாவின் தடித்த வெளிக்கோட்டுக்கு அழகைத் தாண்டி ஒரு வேலை உண்டு: நிறங்கள் அரை மி.மீ. விலகினாலும் அந்தக் கோடு மறைத்துவிடும்.

எங்கள் ஊர்க் காலண்டர்களுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?
அச்சுத் தொழிலாளி, சிவகாசி

நேரடித் தொடர்பு இல்லை, தொழில் ஒன்று. ‘கிஸ்மோண்டா’ வரையப்பட்ட அதே 1894இல்தான் ரவி வர்மா பம்பாயில் ஜெர்மன் இயந்திரங்களோடு தமது வண்ணக் கல்லச்சகத்தைத் தொடங்கினார். முகாவின் புகழ்பெற்ற ‘ராசி மண்டலம்’ (1896) படமும் காலண்டராகப் பிறந்ததே. ஷாம்பெனுவா அச்சகம் 1897ஆம் ஆண்டுக்காகப் போட்ட காலண்டர் அது. பெண்ணின் தலைக்குப் பின்னால் பன்னிரு ராசிகளும் ஒளிவட்டமாகச் சுழல்கின்றன. ‘லா ப்ளூம்’ என்ற இலக்கிய இதழ் அதன் உரிமையை வாங்கித் தன் வாசகர்களுக்கும் விற்றது. நிறங்கள் இடம் விலகியதால் நீங்கள் ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்று ஒதுக்குகிற தாளை, பாரிஸ் அச்சகத்திலும் அதே காரணத்துக்காக ஒதுக்கியிருப்பார்கள்.

பழைய பொருள் கடையில் முகா படம் ஒன்று கிடைத்தது. அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், புதுச்சேரி

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வாங்குங்கள். முகத்தின் நிழல் பகுதியைப் பாருங்கள். சிறு சிறு புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ இதழ்கள்போல் வட்டம் வட்டமாக அமைந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல். கல்லச்சில் கிரேயான் பொரிப்பொரியாக, ஒழுங்கின்றித் தெரியும். கல்லச்சிலும் கைவினைஞர் புள்ளி வைத்திருப்பார், ஆனால் கையால் வைத்த புள்ளிகள் அளவிலும் இடைவெளியிலும் மாறிக்கொண்டே இருக்கும். புள்ளியைக் கண்டவுடன் நகல் என்று முடிவு கட்ட வேண்டாம். தட்டையான நிறப் பகுதியில் அசலில் மை முழுப் பூச்சாக இருக்கும், நகலில் அங்கும் புள்ளிகள் இருக்கும்.

அடுத்து அளவு. ‘பருவங்கள்’ (1896) பலகைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 103க்கு 54 செ.மீ. ‘ஜோப்’ சிகரெட் தாள் விளம்பரம் சுமார் 66க்கு 46 செ.மீ. உங்களிடம் இருப்பது 30க்கு 40 செ.மீ. என்றால் பெரும்பாலும் நகல். ஒரு விதிவிலக்கு உண்டு: 1895 முதல் 1900 வரை பாரிஸில் ‘சுவரொட்டி மேதைகள்’ என்ற தலைப்பில், அன்றைய சிறந்த சுவரொட்டிகளைச் சிறிய அளவில் கல்லச்சிலேயே வெளியிட்டார்கள். ‘கிஸ்மோண்டா’வும் அதில் உண்டு. தாள் 40க்கு 29 செ.மீ. இருக்கும், ஓரத்தில் மையில்லாப் புடைப்பு முத்திரை இருக்கும். அது நகலல்ல, விலை உள்ள பொருள்.

1963இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முகா கண்காட்சி நடந்தபின் நகல்கள் பெருகின. பளபளக்கும் வெள்ளைத் தாளில் இருந்தால் அந்த வரிசைதான். அசல் தாள் மலிவான மரக்கூழ், பழுப்பேறி ஓரம் நொறுங்கும். செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதன் பசை தாளுக்குள் இறங்கினால் பழுப்புக் கறை போகவே போகாது.

கோயம்புத்தூரிலிருந்தே வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் படம் வரைகிறேன். முகாவின் ஒப்பந்தங்களிலிருந்து கற்க ஏதும் உண்டா?
ஓவியர், கோயம்புத்தூர்

நிறைய உண்டு. 1896இல் ஷாம்பெனுவா அச்சகத்தோடு அவர் போட்ட தனியுரிமை ஒப்பந்தம் அவருக்கு நிலையான வருமானமும் பெரிய பட்டறையும் தந்தது. அச்சகம் ஒரே படத்தை எழுத்தோடு சுவரொட்டியாகவும், எழுத்தை நீக்கிச் சுவரலங்காரப் பலகையாகவும், காலண்டராகவும், தபாலட்டையாகவும், உணவுப் பட்டியலாகவும் மாற்றி மாற்றி விற்றது. ஓவியருக்கு ஒரு முறைதான் பணம். புது வடிவங்களுக்கான ஓயாத நெருக்கடியும் அவர் தலையில்தான். புகழின் உச்சியில் இருந்தபோதே இந்த வேலையிலிருந்து விடுபடும் நாளை அவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

உங்கள் நிலைக்கு வருவோம். படத்தை விற்பது வேறு, பயன்படுத்தும் உரிமையைக் கொடுப்பது வேறு. ஒப்பந்தத்தில் மூன்றைத் தனித்தனியாக எழுதுங்கள்: எந்த வடிவம் (நூலின் உள்பக்கமா, அட்டையா, விளம்பரமா, பொம்மையா), எந்த நாடுகள், எத்தனை ஆண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே. ஆகவே தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலிலாவது ‘பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்’ என்று எழுதி ஒப்புதல் வாங்குங்கள். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைத் தேடிப் படியுங்கள். திருத்தம் எத்தனை முறை, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு தொகை என்பவையும் எழுத்தில் வேண்டும். பெரும்பாலான மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அவருடைய படங்களைப் பையிலும் சட்டையிலும் அச்சிட்டு விற்கலாமா?
வாசகி, மதுரை

இந்தியாவில் ஓவியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு வரை பதிப்புரிமை. முகா இறந்தது 1939 என்பதால் 1999 முடிவோடு அது தீர்ந்தது. 70 ஆண்டு விதி உள்ள ஐரோப்பிய நாடுகளில் 2009 முடிவோடு தீர்ந்தது. அச்சிடலாம். இன்னொருவர் அந்தப் படத்தை வைத்துப் புதிதாக வரைந்ததை எடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் பாணியில் வரைந்து பார்த்தேன். வண்ணம் தீட்டும் புத்தகம்போல் இருக்கிறது. எங்கே தவறு?
ஓவிய ஆசிரியை, திருநெல்வேலி

உங்கள் படத்தில் கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கும். படத்தை அனுப்பாவிட்டாலும் இதை உறுதியாகச் சொல்லலாம், எல்லோருக்கும் அங்கேதான் வழுக்குகிறது. முகாவின் உருவத்தைச் சுற்றியுள்ள புறக்கோடு தடித்தது, உள்ளே ஆடை மடிப்பு மெலிந்தது, முகத்தின் கோடுகள் அதைவிட மெலிந்தவை. ஏ3 தாளில் புறக்கோடு 1.2 மி.மீ. என்றால் மடிப்புக்கு 0.5, கண் மூக்குக்கு 0.2 என்று வைத்துப் பாருங்கள். நிறத்தில் கறுப்புக்குப் பதில் அடர்பழுப்புக் கோடு, சாம்பல் கலந்த பச்சை, மங்கிய ரோஜா, தந்த நிறம். பளிச்சென்ற நிறம் ஒரே ஓர் இடத்தில், பூவிலோ நகையிலோ.

அவர் ஆளை நிற்கவைத்து ஒளிப்படமும் எடுத்துக்கொள்வார். துணி விழும் விதம் கற்பனையில் வராது என்று அவருக்குத் தெரியும். மாணவிகளுக்கு முதலில் புடவை முந்தானையைக் கொடியில் தொங்கவிட்டு, மடிப்பை மட்டும் ஒரு வாரம் வரையச் சொல்லுங்கள். பூ வேலைப்பாட்டுக்கு அவர் 1902இல் 72 தட்டுகளாக வெளியிட்ட ‘தொக்யுமான் தெக்கொராத்தீஃப்’ தொகுப்பே பாடநூல். உண்மைப் பூ எப்படிப் படிப்படியாக அலங்காரக் கோடாகிறது என்று அதில் அவரே காட்டுகிறார்.

பாரிஸை விட்டு அமெரிக்கா போனது ஏன்? அங்கே வெற்றி பெற்றாரா?
வாசகர், திருச்சி

ஓவிய வெற்றி என்று பார்த்தால் சுமார்தான். 1904இல் முதல் முறை போனார், பத்திரிகைகள் கொண்டாடின. பணக்காரர்களின் முகச்சித்திரம் வரைந்து பணம் சேர்க்கலாம் என்பது திட்டம். எண்ணெய் வண்ண முகச்சித்திரம் அவர் கைக்கு மெதுவாகவே வந்தது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பாடம் நடத்தினார். ஆனால் தேடிப்போனது கிடைத்தது. ஸ்லாவிய மக்களின் வரலாற்றைப் பெரும் ஓவியத் தொடராக வரைய வேண்டும் என்பது அவர் கனவு. சிகாகோ செல்வந்தர் சார்லஸ் கிரேன் 1909 இறுதியில் அதற்குப் பணம் தர ஒப்புக்கொண்டார். கிரேனின் மகளை ஸ்லாவிய தேவியாக முகா வரைந்த முகம்தான், பிறகு சுதந்திரச் செக்கோஸ்லோவாக்கியாவின் 100 கொருனா நோட்டில் வந்தது. அந்தப் புதிய நாட்டின் முதல் தபால்தலைகளையும் அவரே வரைந்தார்.

‘ஸ்லாவியக் காவியம்’ அவ்வளவு பெரிதாமே. எப்படி வரைந்தார்? துணி ஓவியங்களைச் சுருட்டி வைக்கலாமா?
வாசகர், யாழ்ப்பாணம்

மொத்தம் 20 துணிகள், மிகப் பெரியவை ஏறத்தாழ 6 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம். சாதாரணப் பட்டறையில் அடங்காது என்பதால் பொஹீமியாவில் ஸ்பிரோ கோட்டையின் பெரிய கூடத்தை வாடகைக்கு எடுத்தார். ஊர் மக்களுக்கு வேடமிட்டு நிற்கவைத்து ஒளிப்படம் எடுத்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினார். 60க்கு 80 செ.மீ. மாதிரியில் 10 செ.மீ. கட்டம் என்றால் துணியில் ஒரு மீட்டர் கட்டம். மாதிரியில் கை 1 மி.மீ. தவறினால் துணியில் 1 செ.மீ. தவறும். அதனால் முகம், கை உள்ள கட்டங்களை மேலும் நான்காகப் பிரிப்பது நல்லது.

முட்டை கலந்த டெம்பராவே முதன்மை, சில இடங்களில் எண்ணெய் வண்ணம். டெம்பரா சீக்கிரம் காயும், பளபளக்காது, பெரிய கூடத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒளி எதிரடிக்காமல் தெரியும். வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு: மஞ்சள் கருவை மட்டும் தண்ணீரில் கலந்தால் பலகைக்கு ஏற்றது, துணியில் காய்ந்து விறைத்து வெடிக்கும். துணிக்கு முழு முட்டை ஒரு பங்கு, ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு என்று ஓவியர்கள் பழகிவந்த கலவை உண்டு. முட்டையும் எண்ணெயும் நன்றாகச் சேர்ந்த பிறகே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மிதக்கும். நம் வெயிலில் கலவை ஒரே நாளில் நாறிவிடும், அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

1928இல் தொடரை பிராக் நகருக்குக் கொடுத்தார். அதற்கென்று தனிக் கட்டடம் வேண்டும் என்பது அவர் நிபந்தனை. 1939இல் நாஜிப் படை புகுந்தபோது அவர்களின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போ அவரை விசாரணைக்கு இழுத்துச் சென்றது. அந்த ஜூலை 14 அன்று நிமோனியாவில் இறந்தார். துணிகள் போர்க் காலம் முழுவதும் சுருட்டி மறைத்து வைக்கப்பட்டிருந்தன. 1963 முதல்தான் மொராவ்ஸ்கி க்ரும்லோவ் அரண்மனையில் மக்கள் அவற்றைத் திரும்பப் பார்க்க முடிந்தது.

சுருட்டலாமா என்றீர்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும். வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்ளே வைத்தால் வண்ணப் படலம் நசுங்கி, பிரிக்கும்போது செதிலாக உதிரும். குழாயின் குறுக்களவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, குடைக்கம்பு மாதிரி ஒல்லியான கம்பில் சுற்றினால் வெடிப்பு நிச்சயம். இடையில் அமிலமற்ற தாள் வேண்டும், செய்தித்தாள் கூடாது. படுக்கவைக்கும்போது குழாயின் இரு முனைகளை மட்டும் தாங்கி, துணி தரையில் படாமல் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பூஞ்சை முதலில் துணியின் பின்புறத்தில்தான் தெரியும்.